சுவை கற்பித்த கடை: டீன் அன்ட் டிலூக்காவின் எழுச்சியும் வீழ்ச்சியும்

நியூயோர்க் மாநகரின் மான்ஹட்டன் பகுதியில், புரோட்வேயும் பிரின்ஸ் வீதியும் சந்திக்கும் மூலையில், 1988ஆம் ஆண்டு முதல் 2019ஆம் ஆண்டு வரை ஓர் உணவுப்பொருள் அங்காடி இருந்தது. டீன் அன்ட் டிலூக்கா என்பது அதன் பெயர். செல்வர்களும் கலைஞர்களும் சினிமா நட்சத்திரங்களும் காலைக் கோப்பிக்கும் மாலை விருந்துக்குரிய பண்டங்களுக்கும் நாடிச் சென்ற இடம் அது. 2019 ஒக்டோபரில் அக்கடை மூடப்பட்டபோது, வெளிநாட்டுப் பத்திரிகைகள் பலவும் புதிய போட்டியாளர்களையே காரணமாகச் சுட்டின. போட்டி இருந்தது உண்மை. ஆயினும் கடைசி இரண்டு ஆண்டுகளில் அந்தக் கடைக்குள் நடந்தவற்றைப் போட்டி என்ற ஒரு சொல்லால் விளக்கிவிட முடியாது. அதனைச் சற்று விரிவாகப் பதிவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்தக் கடை தோன்றிய சூழலைக் கூறவேண்டும். சோஹோ என்று இன்று உலகம் அறிந்த அப்பகுதி, 1960களில் கைவிடப்பட்ட தொழிற்சாலைகளின் பேட்டையாகக் கிடந்தது. வார்ப்பிரும்பு முகப்புகளைக் கொண்ட அந்தப் பழைய கட்டடங்களை இடித்து அவ்வழியே ஒரு பெரும் அதிவேகச் சாலை அமைக்க ரொபர்ட் மோசஸ் போட்ட திட்டம் 1969இல் கைவிடப்பட்டது. அகலமான மாடிகளும் உயரமான சாளரங்களும் மலிவான வாடகையும் ஓவியர்களையும் சிற்பிகளையும் அங்கே ஈர்த்தன. கலைஞர்கள் அக்கட்டடங்களில் குடியிருப்பதை மாநகர நிர்வாகம் 1971இல் சட்டபூர்வமாக்கியது. நகரமோ 1975இல் வங்குரோத்தின் விளிம்புக்குச் சென்று மீண்டிருந்தது. 1977 ஜூலையில் மின்சாரம் தடைப்பட்ட இரவொன்றில் கடைகள் சூறையாடப்பட்டன. அதே ஆண்டு செப்டெம்பரில், பிரின்ஸ் வீதி 121ஆம் இலக்கத்தில், இருவரின் பெயர்களைத் தாங்கி ஒரு சிறு கடை திறக்கப்பட்டது. அந்த ஆண்டில், அந்த நகரில், அது துணிச்சலான காரியமே.

ஜோர்ஜியோ டிலூக்கா வரலாறு கற்பித்த பள்ளிக்கூட ஆசிரியர். இத்தாலிய உணவுப் பொருட்களை இறக்குமதி செய்தவரின் மகன். கடை தொடங்குவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே அதே வீதியில் சீஸ் விற்கும் சிறு கடையொன்றை அவர் நடத்தி வந்தார். ஜோயெல் டீன் புத்தக வெளியீட்டுத் துறையில் இருந்து வந்தவர். மூன்றாமவரான ஜக் செக்லிக் ஓவியர். அவருடைய பெயர் கடைப் பலகையில் இல்லை. ஆனால், வெள்ளைச் சுவர்கள், தொழிற்சாலைகளிலும் உணவக அடுக்களைகளிலும் காணப்படும் உலோக அடுக்குகள், பொருளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத வெறுமை என்ற அந்தக் கடையின் தோற்றத்தை உருவாக்கியவர் அவரே. அருகிலிருந்த ஓவியக் காட்சிக்கூடங்களில் படங்களை மாட்டியிருந்த முறையும், இங்கே பன்றித் தொடையையும் சீஸ் சக்கரத்தையும் வைத்திருந்த முறையும் ஒன்றுதான். இன்று கொழும்பிலும் சென்னையிலும் புதிதாகத் திறக்கப்படும் கோப்பிக் கடைகளில் காணும் அலங்காரத்தின் மூலவேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

அவர்கள் விற்றவை என்ன? பல்சமிக் வினிகர், வெயிலில் உலர்த்திய தக்காளி, முதற்பிழிவு ஒலிவ் எண்ணெய், பிரான்சின் சிறு பண்ணைகளிலிருந்து வந்த சீஸ் வகைகள். இவற்றை அமெரிக்கப் பொதுமக்களுக்கு அறிமுகம் செய்தோருள் டிலூக்காவின் பெயர் முன்வரிசையில் வைத்துப் பேசப்படுகிறது. பெரு நாட்டில் பிறந்த ஃபெலிப்பே ரோஹாஸ் லொம்பார்டி என்ற சமையற்கலைஞர், சமைத்த உணவுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி நிறுத்து விற்கும் பகுதியை நடத்தினார். வேலை முடிந்து வீடு திரும்புவோர் இரவு உணவை அங்கேயே வாங்கிச் சென்றனர். இத்தகைய பகுதி இல்லாத பேரங்காடி இன்று உலகப் பெருநகரங்களில் அரிது.

இங்கே கவனிக்கவேண்டியது, அக்கடையின் உண்மையான முதலீடு பணமன்று என்பதே. எந்த ஊரில் எவர் நல்ல எண்ணெய் பிழிகிறார், எந்த வெதுப்பகத்தின் பாண் மறுநாளும் கெடாமல் இருக்கும் என்ற அறிவுதான் அவர்களுடைய கையிருப்பு. வாடிக்கையாளர் அந்த அறிவுக்கே கூடுதல் விலை கொடுத்தனர். அதற்கு மறுபுறமாக, நகரின் சிறு உற்பத்தியாளர்களுக்கு அக்கடையின் அடுக்கில் இடம் கிடைப்பது ஒரு சான்றிதழாக இருந்தது. தங்கள் வீட்டு அடுக்களையில் இனிப்பு செய்தவர்கள், அங்கே விற்கிறோம் என்று சொல்லி வேறு பத்துக் கடைகளைப் பிடிக்க முடிந்தது.

நான் அக்கடையைப் பார்த்தது 2005ஆம் ஆண்டில். ரொறன்ரோவிலிருந்த உறவினரைக் காணச் சென்ற பயணத்தில் நான்கு நாட்கள் நியூயோர்க்கில் தங்கினேன். டொலரை ரூபாவாகப் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் நம்மவர்க்கு எளிதில் போகாது. ஒரு கிண்ணம் கோப்பியுடன் திரும்பிவிட்டேன். ஆனால், மசாலாப் பொருட்களைச் சிறு சிறு குப்பிகளில் ஆய்வுகூடத்தில் வைப்பதுபோல் வரிசையாக வைத்திருந்ததை மறக்கவில்லை. நமது வீடுகளில் அஞ்சறைப்பெட்டியில் கிடக்கும் மல்லியும் சீரகமும் அங்கே நகைக்கடைப் பொருளின் மரியாதையுடன் வீற்றிருந்தன.

1988இல் பிரின்ஸ் வீதிச் சிறுகடை, சுமார் 10,000 சதுர அடி கொண்ட புரோட்வே மூலைக் கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது. 1993இல் வொஷிங்டனின் ஜோர்ஜ்டவுன் பகுதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சந்தைக் கட்டடம் ஒன்றில் கிளை திறக்கப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் கன்சாஸ் மாநிலத் தொழிலதிபர் லெஸ்லி ரட் பெரும்பங்கை வாங்கினார். வட கரோலினாவின் ஷார்லட், கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கு என்று கிளைகள் பரவின. 1998இல் தொடங்கிய ‘பெலிசிட்டி’ என்ற தொலைக்காட்சித் தொடரின் நாயகி டீன் அன்ட் டிலூக்காவில் வேலை செய்யும் மாணவியாகக் காட்டப்பட்டாள். அமெரிக்க நடுத்தர வர்க்கத்து வீடுகள் அனைத்திலும் பெயர் ஒலித்தது. ஜோயெல் டீன் 2004இல் காலமானார்.

போட்டி வந்தது அந்தக் காலத்திலேதான். டெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்டின் நகரில் 1980இல் பிறந்த ஹோல் பூட்ஸ், 2001இல் மான்ஹட்டனில் முதற் கடையைத் திறந்தது. 2004இல் கொலம்பஸ் சதுக்கத்தில் 59,000 சதுர அடியில் இன்னொன்று. 2007இல் ஹியூஸ்டன் வீதியில், சோஹோவிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தூரத்தில் மற்றொன்று. 2002இல் பிரெஷ் டிரெக்ட் என்ற நிறுவனம் இணையத்தில் கட்டளை பெற்று வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கத் தொடங்கியது. 2006இல் ட்ரேடர் ஜோஸ் வந்தது. அதன் வைனும் சீஸும் மலிவு. 2010இல் இத்தாலியின் ஈட்டாலி வந்து, இத்தாலியப் பண்டங்களுக்கென்றே ஒரு பெருஞ்சந்தையைத் திறந்தது.

இவர்களுள் எவரும் தனியாக டீன் அன்ட் டிலூக்காவை வீழ்த்தவில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு பண்டத்தை எடுத்துச் சென்றனர் என்பதே பொருத்தம். ஒலிவ் எண்ணெய் ஒருவரிடம், சமைத்த உணவு ஒருவரிடம், சீஸ் இன்னொருவரிடம். இருபத்தைந்து ஆண்டுகளாக அந்தக் கடை நகரத்துக்குக் கற்பித்த பாடத்தை நகரம் நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தது. பல்சமிக் வினிகர் சாதாரண பேரங்காடியின் அடித்தட்டுக்கு வந்துவிட்ட பின், அதற்காக எவரும் புரோட்வே மூலைக்கு வரவேண்டியதில்லை. சோஹோவும் மாறிப்போயிருந்தது. ஓவியர்கள் வாடகை கொடுக்க முடியாமல் வெளியேற, உலகப் புகழ்பெற்ற ஆடை நிறுவனங்கள் அங்கே வந்து அமர்ந்தன. தெருவில் சென்றோரில் பலர் சுற்றுலாப் பயணிகள். அவர்கள் கோப்பி வாங்குவர். மீனும் காய்கறியும் வாங்கார்.

ஏனைய பெயர்பெற்ற கடைகளின் கதியும் இதுவே. கிரீனிச் வில்லேஜில் இருந்த பல்டூச்சிஸ் என்ற குடும்பக் கடை 1999இல் விற்கப்பட்டு 2003இல் மூடப்பட்டது. பெயர்வே என்ற இன்னொரு குடும்பக் கடைத்தொகுதி, முதலீட்டாளர் கைக்குச் சென்று, 2013இல் பங்குச்சந்தையில் நுழைந்து, 2016இல் வங்குரோத்து மனு செய்து, 2020 ஜனவரியில் மீண்டும் அதே நீதிமன்ற வாசலுக்கு வந்தது. மூலதனம் உள்ளே வந்தபின் வேகமாக விரிவடைந்து, விரிவின் கடனிலேயே மூழ்கிய கதை அது. டீன் அன்ட் டிலூக்காவின் முடிவு இதனினும் விசித்திரமானது.

2014இல் தாய்லாந்தின் பேஸ் டிவலப்மென்ற் என்ற நிறுவனம் அதனை 14 கோடி டொலருக்கு வாங்கியது. இது மளிகை நிறுவனமன்று. மாடமாளிகை கட்டி விற்கும் நிறுவனம். பாங்கொக்கில் 314 மீற்றர் உயரத்தில் மகாநக்கோன் என்ற கோபுரத்தை எழுப்பிக்கொண்டிருந்த வேளை அது. ஆசியப் பணம் அமெரிக்கப் புகழை வாங்குகிறது என்று நம் பகுதிப் பத்திரிகையாளர் சிலர் மகிழ்ந்ததும் உண்டு. வாங்கியோர் கடையை வாங்கவில்லை, பெயரை வாங்கினர் என்பது விரைவில் தெரிந்தது. அப்பெயரைத் தாங்கிய சிற்றுண்டிக் கடைகளை உலகெங்கும் திறப்பதே திட்டம். 2016இல் டெக்சாஸில் நடைபெறும் தொழில்முறைக் கோல்ஃப் போட்டி ஒன்றுக்கு ஆறாண்டு ஒப்பந்தத்தில் பிரதான அனுசரணையாளராகி, இரண்டே ஆண்டுகளில் விலகிக்கொண்டது அந்த நிறுவனம். சீஸ் விற்கும் கடைக்குக் கோல்ஃப் போட்டி எதற்கு என்று அன்றே கேட்டோர் உண்டு. 2018இல் கோபுரத்தையே கிங் பவர் நிறுவனத்துக்கு 1,400 கோடி பாத்துக்கு விற்கும் நிலைக்கு பேஸ் தள்ளப்பட்டது. அதன் பின்னரும், 2019இல், அக்கோபுரத்தை வடிவமைத்த ஒலே ஷேரனைக் கொண்டே நியூயோர்க்கில் மேடை போன்ற புதுவிதச் சிற்றுண்டிக் கடையைத் திறந்தனர். அது சில மாதங்களே இயங்கியது.

அதே 2019 கோடையில் புரோட்வே மூலையில் என்ன நடந்தது? அடுக்குகள் வெறுமையாகின. சீஸ் பெட்டிகளில் இடைவெளிகள் தோன்றின. பாண் தயாரிப்போர், இனிப்பு செய்வோர், இறைச்சி பதனிடுவோர் எனப் பலர், அனுப்பிய சரக்குக்கு மாதக்கணக்கில் பணம் வரவில்லை என்று பத்திரிகைகளிடம் கூறினர். சிலர் வழக்குத் தொடர்ந்தனர். சிலர் சரக்கு அனுப்புவதை நிறுத்தினர். சரக்கு நின்றதால் வாடிக்கையாளர் நின்றனர். வாடிக்கையாளர் நின்றதால் பணமும் நின்றது.

சிறு உற்பத்தியாளர் கடனுக்குச் சரக்குக் கொடுப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். முப்பது நாளில் பணம் என்பார்கள், அறுபதாகும். பெரிய பெயரிடம் பணம் போகாது என்ற நம்பிக்கையில் காத்திருப்பார்கள். அமெரிக்கச் சட்டத்தில் இத்தகையோருக்கு ஓரளவு காப்பு இல்லாமல் இல்லை. 1930ஆம் ஆண்டுச் சட்டமொன்றில் 1984இல் செய்த திருத்தத்தின்படி, அழுகக்கூடிய பழமும் காய்கறியும் விற்றவர் ஏனைய கடன்காரருக்கு முன் தம் பணத்தைக் கோரலாம். பாண் தயாரிப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. வங்குரோத்து மனுவுக்கு முந்திய இருபது நாட்களுக்குள் கடைக்கு வந்து சேர்ந்த சரக்குக்கு முன்னுரிமை தரும் விதியும் 2005 முதல் உண்டு. ஆனால், டீன் அன்ட் டிலூக்கா மனு செய்தது 2020 மார்ச் இறுதியில். கடை மூடி ஐந்து மாதங்களுக்குப் பின்னர். அந்த இருபது நாட்களில் எவர் எந்தச் சரக்கை அனுப்பியிருக்க முடியும்? ஆகவே அவர்கள், ஈட்டுக் கடன்காரர் எல்லோரும் எடுத்துக்கொண்ட பின் எஞ்சுவதற்காக வரிசையின் கடைசியில் நிற்க நேர்ந்தது. வங்குரோத்து என்ற சொல்லுக்கு 2022ஆம் ஆண்டைக் கண்ட இலங்கை வாசகருக்கு நான் விளக்கம் கூறவேண்டியதில்லை. கடைசி வரிசையில் நிற்பவர் யார் என்பதையும் அவர்கள் அறிவர்.

மனுவில் காட்டப்பட்ட கடன் 50 கோடி டொலர் வரையிலானது. சொத்து 5 கோடிக்கு மேற்படவில்லை. கொரோனாவால் நியூயோர்க் முடங்கியிருந்த வாரங்கள் அவை. நகரில் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கில் மக்கள் மடிந்துகொண்டிருந்ததால், கடையொன்றின் வங்குரோத்துச் செய்தியை வாசித்தோர் சிலரே.

பெயர் மட்டும் இறக்கவில்லை. ஜப்பானில் 2003இல் உள்ளூர் நிறுவனமொன்று உரிமம் பெற்றுத் தொடங்கிய டீன் அன்ட் டிலூக்கா கடைகள் இன்றும் நடைபெறுகின்றன. கறுப்பு எழுத்தில் அப்பெயர் பொறித்த துணிப்பை தோக்கியோ இளைஞரிடையே நாகரிகப் பொருள். மூல நிறுவனத்தின் பெயரில் நியூயோர்க்கிலோ வொஷிங்டனிலோ கடை எதுவும் எஞ்சவில்லை.