செல்சி மார்க்கெட்

நியூயார்க்கின் மன்ஹாட்டனில், 9ஆம், 10ஆம் அவென்யூக்களுக்கும் 15ஆம், 16ஆம் தெருக்களுக்கும் இடைப்பட்ட இடம் முழுவதையும் அடைத்து நிற்கும் கட்டிடத் தொகுதியின் தரைத்தளத்தில் இயங்கும் உணவு, வணிகச் சந்தை. கட்டிடம் எழும்பியதோ பிஸ்கட் ஆலையாக.

1890களில் நியூயார்க் பிஸ்கட் கம்பெனி இங்கே தன் அடுமனைகளைக் கட்டியது. 1898இல் அது போட்டி நிறுவனங்களோடு இணைந்து நேஷனல் பிஸ்கட் கம்பெனி, சுருக்கமாக நபிஸ்கோ, ஆயிற்று. அதுவரை அமெரிக்க மளிகைக் கடைகளில் பிஸ்கட்டைப் பீப்பாயிலிருந்து அள்ளித்தான் கொடுப்பார்கள். பாதி நமுத்துப் போயிருக்கும். நபிஸ்கோ உள்ளே மெழுகுத்தாள் விரித்த அட்டைப்பெட்டியில் அடைத்து, 'யுனீடா' என்று பெயரிட்டு விற்றது. நிறுவனம் பெருத்ததற்கு ருசியைவிட அந்தப் பெட்டியே காரணம் எனலாம்.

1912இல் ஓரியோ இந்த ஆலையில்தான் பிறந்தது. நடுவே கிரீம் வைத்த கறுப்பு பிஸ்கட் அப்போது புதிதல்ல. ஹைட்ராக்ஸ் என்ற பெயரில் 1908லேயே கடைக்கு வந்துவிட்டது. பின்னால் வந்தது உலகை வென்றது, முந்தியதைப் பலரும் மறந்தார்கள்.

1930களில் போடப்பட்ட உயர்மட்டச் சரக்கு ரயில் பாதை, 10ஆம் அவென்யூ பக்கக் கட்டிடத்தின் ஊடாகவே சென்றது. 1980இல் ரயில் நின்றது. 2009 முதல் அப்பாதை ஹை லைன் பூங்கா. ஆலை அதற்கு வெகுமுன்பே, 1958இல், நியூஜெர்சியின் ஃபேர் லானுக்கு இடம்பெயர்ந்திருந்தது.

1990களில் இர்வின் கோஹன் என்ற கட்டிட முதலீட்டாளர் தொகுதியை வாங்கி, 1997இல் சந்தையாகத் திறந்தார். பழமையைப் பூசி மறைக்காததுதான் அவர் செய்த புத்திசாலித்தனம். கட்டிடங்களுக்கு நடுவே சுவரை உடைத்து ஒரே நடைவழியாக்கினார்கள். உடைத்த விளிம்பில் செங்கல் அப்படியே துருத்தி நிற்கிறது. ஒரு தடித்த குழாயிலிருந்து தண்ணீர் கொட்டி, கீழே கிணறு போன்ற தொட்டியில் விழுகிறது. லாப்ஸ்டர் பிளேஸ் மீன்கடையில், அவித்த சிங்கி இறாலை நின்றபடியே உடைத்துத் தின்கிறார்கள். லாஸ் டாகோஸ் கடை முன்னால் வரிசை எளிதில் குறைவதில்லை.

மேல்தளங்கள் அலுவலகங்கள். 2018இல் கூகுள் சுமார் 240 கோடி டாலருக்குக் கட்டிடத்தை வாங்கியது. கீழே சந்தை தொடர்கிறது. உள்ளே நுழையக் கட்டணம் இல்லை.