சிறப்புப் படிப்பும் புறத்தேர்வாளரும்

பல்கலைக் கழகங்களில் 'ஆனர்சு' எனப்படும் சிறப்புப் படிப்பின் வரலாற்றை எழுதப் புகுவோர், பெரும்பாலும் அதனை மாணாக்கர் தகுதி பற்றிய வரலாறாகவே கொள்கின்றனர். கூரிய அறிவுடையாரைப் பிரித்தெடுத்து அவர்க்கெனத் தனிப்பாடம் வகுத்தலே சிறப்புப் படிப்பு என்பது அவர்தம் கருத்து. யாம் அதனின் வேறுபடுகின்றோம். அமெரிக்க நாட்டில் இப்படிப்பு வளர்ந்த நெறியை உற்று நோக்குமிடத்து, கற்பிப்பவரே மதிப்பிடுபவராகவும் இருத்தல் தகுமா என்னும் வினாவே அதன் நடுவில் நிற்றல் புலனாகும்.

இதன் வேர் ஆக்சுபோர்டில் உள்ளது. அங்கு வெறுஞ் சடங்காகத் தேய்ந்துபோயிருந்த பட்டத்தேர்வை 1800ஆம் ஆண்டின் சட்டம் சீர்செய்து, சிறந்தோரை வகைப்படுத்தும் முறையைத் தோற்றுவித்தது. 1807இல் கணிதமும் இயற்பியலும் தனிப்பிரிவாயின. இம்முறையில் மாணவனுக்குத் துணைநின்று கற்பிப்பவர் கல்லூரி ஆசிரியர். தேர்வாளரை அமர்த்துவதோ பல்கலைக் கழகம். இவ்விரு பணிகளும் தனித்தனியே நின்றமையை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. ஆர்வர்டின் தலைவராக 1869 முதல் 1909 வரை விளங்கிய சார்லசு எலியட்டு, மாணவர் தாம் விரும்பும் பாடங்களைத் தேரும் உரிமையைப் பெருக்கினார். அவ்வுரிமையால் விளைந்த நன்மை பெரிது. எனினும் பட்டம் என்பது தனித்தனிப் பாடங்களை எண்ணிச் சேர்க்கும் கணக்காயிற்று. ஒவ்வொரு பாடத்தையும் நடத்தியவரே தேர்வும் வைத்தார், மதிப்பெண்ணும் இட்டார். மாணவன் பாடத்தைக் கற்பதோடு ஆசிரியரின் உள்ளக் குறிப்பையும் கற்க வேண்டியவனானான்.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் பிராங்கு ஏடெலாட். இந்தியானா மாநிலத்தில் 1880இல் பிறந்த இவர், உரோட்சு உதவித்தொகை பெற்று 1905இல் ஆக்சுபோர்டு சென்று பயின்றவர். 1921இல் பிலடெல்பியாவை அடுத்த சுவார்த்மோர் கல்லூரியின் தலைவரானார். அக்கல்லூரி குவேக்கர் சமயத்தினரால் 1864இல் நிறுவப்பெற்றது. தொடக்கந்தொட்டே ஆண் பெண் இருபாலாரும் உடன்பயின்றது. ஆக்சுபோர்டு பெண்டிர்க்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1920இல். கேம்பிரிட்சோ 1948 வரை முழுப் பட்டம் வழங்கவில்லை. மூலத்தினும் வழிப்படி இவ்வகையில் முந்தியது எனலாம்.

1922இல் ஆங்கில இலக்கியம், சமூக அறிவியல் என்னும் இரு துறைகளில் சிறப்புப் படிப்பு அங்குத் தொடங்கப்பெற்றது. அதனுட் புகுந்த மாணவர், கடை இரண்டாண்டுகளில் வழக்கமான வகுப்புகளினின்றும் விலக்குப் பெற்றனர். ஒவ்வொரு பருவத்திலும் இரண்டே ஆய்வரங்குகள். சிறு குழுவினராய், பல வேளைகளில் ஆசிரியரின் இல்லத்திலேயே கூடி, மாணவர் தாம் எழுதிய கட்டுரைகளைப் படித்து விவாதித்தனர். இரண்டாண்டுகளிலும் மதிப்பெண் என்பதே இல்லை. முடிவில், பிற பல்கலைக் கழகங்களிலிருந்து வந்த அறிஞர் வினாத்தாள் அமைத்து விடைகளைத் திருத்தினர். பின்னர் மாணவரை நேரிலிருத்தி வாய்மொழியாகவும் வினவினர். பட்டத்தின் தரத்தை முடிவுசெய்தவர் அப்புறத்தேர்வாளரே.

இதனால் ஆசிரியரின் நிலை அடியோடு மாறியது. அவர் இப்பொழுது மாணவனுக்கு நடுவர் அல்லர். அவனோடு ஒரே பக்கத்தில் நிற்கும் மூத்த துணைவர். மாணவனின் குறை அயலார் முன் வெளிப்படின் அவர்தம் குறையும் உடன் வெளிப்படும். ஆகவே இத்திட்டத்திற் பெரிதும் சோதனைக்குட்பட்டவர் மாணவரா ஆசிரியரா என ஐயுறத் தோன்றுகின்றது. சிறு குழுக்களாகக் கற்பித்தலால் செலவும் மிக்கது. பொதுக் கல்வி வாரியம் என்னும் அறநிலையத்தின் பொருளுதவி அதற்குத் துணையாயிற்று. ஏடெலாட் 1944இல் வெளியிட்ட நூலின் தலைப்பே, எல்லாரும் ஒரே கால்வைப்பில் நடக்கும் கட்டுநடையை உடைத்தல் எனப் பொருள்படுவது.

புறத்தேர்வு ஒன்றே போதுமெனின், நம் நாடு என்றோ உயர்ந்திருத்தல் வேண்டுமன்றோ என்று ஒருவர் வினவலாம். தக்க வினாவே. 1857இல் இலண்டன் முறையைத் தழுவி நிறுவப்பெற்ற சென்னை, பம்பாய், கல்கத்தாப் பல்கலைக் கழகங்கள் தொடக்கத்தில் தேர்வு நடத்தும் அமைப்புகளாகவே விளங்கின. கற்பித்தல் தேர்வுக்கு அடிமைப்பட்டது என்று 1902ஆம் ஆண்டின் பல்கலைக் கழக ஆணையமே குறைகூறிற்று. அங்குத் தேர்வாளர் அயலாராயிருந்தும் மனப்பாடமே மிக்கது. காரணம், அத்தேர்வுக்கு முன்னர் ஆய்வரங்கு இல்லை. வாய்மொழி உரையாடலும் இல்லை. சுவார்த்மோரில் இம்மூன்றும் ஒன்றையொன்று தாங்கின. ஒன்றைப் பிரித்தெடுப்பின் ஏனையவை தளர்தல் இயல்பே.

அப்பிரிப்பு பின்னர் நிகழ்ந்தது. மாநிலப் பல்கலைக் கழகங்களுக்கு இப்படிப்பைக் கொண்டுசென்றோருள் தலையாயவர் கொலராடோப் பல்கலைக் கழகத்து மெய்யியற் பேராசிரியர் சோசப்பு கோகென். 1957இல் அவர் தலைமையில் மேம்பட்ட மாணவர்க்கான பல்கலைக் கழகக் கூட்டுக்குழு அமைந்தது. அவ்வாண்டு அக்டோபரில் உருசியர் ஏவிய செயற்கைக்கோள், அறிவாற்றலைத் தேடும் வேட்கையை அமெரிக்கரிடை மிகுவித்தது. முழுமையான சிறப்புத் திட்டத்திற்குரிய 16 கூறுகளை அக்குழு வகுத்தது. முதலாண்டிலேயே தொடங்குதல், பல துறைகளையும் தழுவுதல் ஆகியன முதன்மை பெற்றன. புறத்தேர்வாளர் அம்முதன்மையைப் பெறவில்லை. பல்லாயிரவர் பயிலும் இடத்தில் அஃது எளிதன்று என்பதை யாமும் உணர்வோம். செல்வர்க்கே உரியதாகக் கருதப்பட்ட கல்வியை ஏழை மாணவனும் எய்தச் செய்தமை கோகெனின் பெருந்தொண்டு. ஆயினும் சிறப்பு என்னும் சொல் இங்குப் பொருள் மாறிற்று. கற்கும் முறையைக் குறித்த அது, கற்போரின் குழுவைக் குறிக்கலாயிற்று. அக்குழு 1965இல் கலைந்தது. 1966இல் அதன் வழித்தோன்றலாகத் தேசியக் கல்லூரிச் சிறப்புக் கழகம் எழுந்தது.

சுவார்த்மோரிலும் பிற்காலத்தில் இத்திட்டத்திற் சேர்வோர் தொகை சுருங்கியது. மதிப்பெண் இன்றி ஈராண்டு கழித்தல் பிற்கால மாணவர்க்கு அச்சந் தந்தது போலும். 1990களின் நடுவில் விதிகள் திருத்தப்பெற்று, ஆய்வரங்குகளுக்கு ஆசிரியரே மதிப்பெண் இடும் வழக்கம் புகுந்தது. எனினும் ஆண்டுதோறும் மே மாதத்தில் புறத்தேர்வாளர் அக்கல்லூரிக்கு வருதலும், மாணவரை எதிரிலிருத்தி வினவுதலும் இன்றும் நிகழ்கின்றன.