சீலியாக் தமனி அமுக்கம்: கண்டறிதலின் வரிசையும் சிகிச்சையின் நியாயமும்

முன்னுரை

சாப்பிட்ட சிறிது நேரத்தில் நெஞ்சுக்குழியைப் பிடிக்கும் வலி, அதற்கு அஞ்சி உணவைக் குறைப்பது, அதனால் இறங்கும் எடை, எண்டோஸ்கோப்பியிலும் வழக்கமான வயிற்று ஸ்கேனிலும் கோளாறு எதுவும் தென்படாமை. இந்நான்கும் ஒருவரிடம் ஒன்றுகூடினால் மருத்துவர் நினைத்துப் பார்க்க வேண்டிய அரிய காரணங்களுள் ஒன்று, சீலியாக் தமனி அமுக்கம். உதரவிதானத்தின் நடுவளைவு இணைநார் இத்தமனியை மேலிருந்து அழுத்துவதால் வரும் இது, டன்பார் நோய் என்றும் அழைக்கப்படுகிறது. லட்சம் பேரில் ஏறத்தாழ இருவருக்கு வருவதாக மதிப்பிடப்படும் இந்நோய், பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குட்பட்ட மெலிந்த பெண்களிடம் காணப்படுகிறது.

இதில் மருத்துவம் இரு திசைகளில் தவறக்கூடும். படத்தில் தமனி நெரிந்திருப்பதைக் கண்டதும் அதையே நோய் என்று முடிவுகட்டுவது ஒன்று. வழக்கமான சோதனைகளில் ஒன்றுமில்லை என்றதும் வலியை மனத்தின் மேல் ஏற்றிவிடுவது மற்றொன்று. சான்றுகளை உரிய வரிசையில் திரட்டினால் இவ்விரு பிழைகளையும் தவிர்க்கலாம் என்பதும், அவ்வரிசையின் பெரும்பகுதியை மாவட்ட அளவிலேயே நடத்தலாம் என்பதும் இக்கட்டுரையின் வாதம். செஞ்சியையும் அதன் அருகிலுள்ள பனமலை போன்ற சிற்றூர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

உடற்கூறும் நூறாண்டு விவாதமும்

பெருந்தமனி மார்பிலிருந்து வயிற்றுக்குள் இறங்கும் இடத்தில், உதரவிதானத்தின் இரு கால்களையும் இணைத்து ஒரு நார்வளைவு அமைந்திருக்கிறது. அதற்குச் சற்றுக் கீழே பிரியும் சீலியாக் தமனி, இரைப்பை, கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றுக்கு இரத்தம் தருகிறது. நூற்றில் 10 முதல் 24 பேருக்கு இவ்வளைவு தாழ்ந்து தமனியின் குறுக்கே படிகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு எந்தத் தொல்லையும் இல்லை. அமுக்கம் பரவலாக இருக்க நோய் இவ்வளவு அரிதாக இருப்பதே முதன்மையான சிக்கல்.

பெஞ்சமின் லிப்ஷட்ஸ் 1917-இல் இவ்வமைப்பை உடற்கூறாய்வில் விவரித்தார். ஃபின்லாந்தின் ஹர்யோலா 1963-இல் நோயாளி ஒருவரிடமும், டன்பாரும் சகாக்களும் 1965-இல் நோயாளிகள் பலரிடமும் இதை எடுத்துக்காட்டினர். 1972-இல் சிலாகியும் சகாக்களும் இப்படியொரு நோய் உண்மையில் உண்டா என்றே கேட்டனர். அக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஏனெனில், சீலியாக் தமனி குறுகினாலும் குடல் மேல்தமனியிலிருந்து கணையத்தைச் சுற்றிவரும் கிளைகள் வழியே இரைப்பைக்கு இரத்தம் வந்து சேர்ந்துவிடும். அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது?

இரத்தக் குறைவு ஒரு விடை. தமனியைச் சூழ்ந்துள்ள சீலியாக் நரம்பு முடிச்சு, இணைநாரால் உராயப்பட்டு எரிச்சலுறுவது இன்னொரு விடை. அம்முடிச்சருகே மரப்பு மருந்து செலுத்தியதும் சிலருக்கு வலி தற்காலிகமாக நீங்குவது இரண்டாம் விடைக்கு வலுச்சேர்க்கிறது. தமனியின் குறுக்கத்தை மட்டும் அளந்து நோயை அளந்துவிட முடியாது என்பதே இதன் பொருள்.

கண்டறியும் வரிசை

முதற்சான்று நோயாளி சொல்லும் வரலாறு. வலி உணவோடு தொடர்புடையதா, உண்ணும் அளவு குறைந்திருக்கிறதா, எடை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற மூன்று கேள்விகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்டுப் பதியலாம். 1985-இல் ரைலியும் சகாக்களும் வெளியிட்ட நீண்டகாலத் தொடர் ஆய்வில், உணவுக்குப் பின் வரும் வலி, 40 முதல் 60 வரையான வயது, 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ அல்லது அதற்கு மேற்பட்ட எடையிழப்பு ஆகியன உள்ளோர்க்கு அறுவை நன்கு பலித்தது.

இவ்வெல்லையை நம் ஊர்ப் பெண்களுக்கு அப்படியே பொருத்துவது தவறு. 70 கிலோ எடையுள்ளவர் 9 கிலோ இழந்தால் அது அவர் எடையில் சுமார் 13 சதவீதம். 42 கிலோ எடையுள்ள விவசாயக் கூலிப் பெண்ணுக்கோ அது 21 சதவீதத்துக்கும் மேல். அவர் 9 கிலோ இழக்கும்வரை காத்திருப்பது உயிரோடு விளையாடுவதாகும். எனவே கிலோக் கணக்கைக் கைவிட்டு விகிதத்தைக் கொள்ள வேண்டும். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் முயலாமலே 5 சதவீத எடை குறைந்தால், காரணம் தேடியே ஆகவேண்டும்.

இரண்டாவது, பிற காரணங்களை விலக்குதல். இரைப்பைப் புண், பித்தக்கல், நாள்பட்ட கணைய அழற்சி, புற்றுநோய் ஆகியவற்றோடு, நம் நாட்டில் வயிற்றுக் காசநோயையும் டகாயாசு தமனி அழற்சியையும் தவறாமல் சேர்க்க வேண்டும். டகாயாசு நோயும் இளம்பெண்களையே மிகுதியாகத் தாக்குவது. பெருந்தமனியையும் அதன் கிளைகளையும் சுருக்குவது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை அந்நோயாளிகளைப் பெருந்தொகையில் ஆராய்ந்திருக்கிறது. இரு கைகளிலும் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது செலவில்லாத சோதனை. அதை விட்டுவிட்டு, மருந்தால் அடங்கக்கூடிய அழற்சியை இணைநார் அமுக்கம் என்று கருதி அறுவைக்கு அனுப்புவது பெருந்தீங்கு.

மூன்றாவது, மூச்சோடு மாறும் சான்று. மூச்சை உள்ளிழுக்கும்போது சீலியாக் தமனி கீழிறங்கி இணைநாரிலிருந்து விலகுகிறது; வெளிவிடும்போது மேலேறி அதன் அடியில் அகப்படுகிறது. ஆகவே டாப்ளர் ஸ்கேனில் இரு நிலைகளிலும் இரத்த ஓட்ட வேகத்தை அளக்க வேண்டும். மூச்சை வெளிவிட்ட நிலையில் உச்ச வேகம் விநாடிக்கு 350 செ.மீ.-க்கு மேல் ஏறுவதும், தமனி திரும்பும் கோணம் 50 பாகையைத் தாண்டுவதும் ஐயத்தை வலுப்படுத்தும். கொழுப்பு படிந்து குறுகிய தமனி மூச்சுக்கேற்ப இவ்வாறு மாறாது. சி.டி. ஆஞ்சியோகிராமின் பக்கவாட்டுப் படத்தில் தமனி கொக்கிபோல் வளைந்தும், குறுக்கத்தைத் தாண்டி விரிந்தும் தெரியும். மூச்சை வெளிவிட்ட படம் அமுக்கத்தின் காரணத்தைக் காட்டும். உள்ளிழுத்த படத்திலும் குறுக்கம் நீடித்தால் அதன் கடுமை விளங்கும்.

இங்கேதான் மாவட்ட மருத்துவமனையின் பங்கு பெரிதாகிறது. பனமலையிலிருந்து வருபவர் செஞ்சி அரசு மருத்துவமனையையோ, 2010-இல் தொடங்கிய முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியையோ, புதுச்சேரி ஜிப்மரையோ நாடக்கூடும். எங்கு சென்றாலும், ஸ்கேன் கோரும் சீட்டில் 'மூச்சை உள்ளிழுத்தும் வெளிவிட்டும் சீலியாக் தமனியைப் பார்க்கவும்' என்ற ஒரு வரி இல்லையென்றால் சோதனை நோயைத் தவறவிட்டுவிடலாம். இதற்குப் புதிய கருவி வேண்டாம். கேட்கத் தெரிந்த மருத்துவர் வேண்டும். திரும்பத் திரும்ப எண்டோஸ்கோப்பிக்கு அலைவதால் மல்லாட்டை பறிக்கும் பருவத்தில் கூலியை இழக்கும் குடும்பத்துக்கு அவ்வொரு வரியின் மதிப்பு மிகப் பெரிது.

சிகிச்சை

அறுவையின் அடிப்படை, இணைநாரை வெட்டித் தமனியை விடுவிப்பதும் சூழ்ந்துள்ள நரம்பிழைகளை அகற்றுவதும். 2000 முதல் இது லேப்ராஸ்கோப்பி வழியாகவும் செய்யப்படுகிறது. 2012-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றில் 400 நோயாளிகளுள் 85 சதவீதத்தினருக்கு அறுவையை அடுத்து வலி தணிந்தது. லேப்ராஸ்கோப்பியில் தொடங்கியவற்றுள் சுமார் 9 சதவீதம் இரத்தக்கசிவால் திறந்த அறுவையாக மாறின. பெருந்தமனியை ஒட்டிய வேலை என்பதால், இரத்தக்குழாய் அறுவை வல்லுநர் உடனிருக்கும் மையத்தில்தான் இதைச் செய்ய வேண்டும்.

இணைநாரை விடுவிக்கும் முன் ஸ்டென்ட் பொருத்துவது பயன்தராது. வெளியழுத்தம் அதை நசுக்கும் அல்லது முறிக்கும். விடுவித்த பிறகும் குறுக்கம் நீடித்தால் ஸ்டென்டோ மாற்றுப்பாதை அறுவையோ தேவைப்படலாம். ரைலி தொடரில் இணைநாரை மட்டும் வெட்டியவர்களில் 53 சதவீதத்தினரும், தமனியையும் சீர்செய்துகொண்டவர்களில் 76 சதவீதத்தினரும் நெடுநாள் நலமாக இருந்தனர். தொல்லையே இல்லாதவரிடம் தற்செயலாகத் தெரிந்த அமுக்கத்துக்கு, வேறு காரணம் இல்லாதவரை, அறுவை தேவையில்லை. கணையத் தலையை அகற்றும் அறுவைக்கு முன் மட்டும் அதைக் கட்டாயம் கணக்கில் கொள்ள வேண்டும். கணையத்தைச் சுற்றிய மாற்றுப்பாதைகள் அறுபட்டால் கல்லீரலுக்கு இரத்தம் குறையும்.

முடிவுரை

சிலாகியின் ஐயமும் டன்பாரின் நம்பிக்கையும் ஒன்றையொன்று அழிப்பவை அல்ல. அமுக்கம் தானே நோயாகாது என்பதில் முன்னவர் சரி. சிலரிடம் அது நோயாகிறது என்பதில் பின்னவர் சரி. வரலாறு, எடையிழப்பின் விகிதம், பிற நோய்களின் விலக்கம், மூச்சோடு மாறும் ஓட்டம், நரம்பு மரப்புக்குக் கிடைக்கும் பதில் ஆகிய ஐந்தும் ஒரே திசையைக் காட்டும்போதுதான் அறுவைக்கு நியாயம் பிறக்கிறது. மனநலச் சிகிச்சை தேவைப்படுவோர்க்கு அதையும் உடன் தரவேண்டும். ஆனால் உடற்சான்றைத் தேடாமல் இருப்பதற்கு அது காரணமாகக் கூடாது. இவற்றுள் முதல் நான்கின் பெரும்பகுதிக்கு எடைக்கருவி, கவனமான கைகள், வழக்கமான வயிற்றுச் சோதனைகள், டாப்ளர் ஸ்கேன் ஆகியவையே போதும். ஆகவே இந்நோயைத் தேடும் பொறுப்பு பெருநகர நிபுணருக்கு மட்டும் உரியதன்று; நோயாளியை முதலில் பார்க்கும் மருத்துவருக்கும் உரியது.