இக்மிக் குக்கர்: ஒரு பயண அடுப்பின் கல்கத்தா வரலாறு

பயண அடுப்புகளின் வரலாறு பெரும்பாலும் ஸ்டாக்ஹோமிலிருந்தே எழுதப்படுகிறது. 1892இல் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் உருவாக்கிய பிரைமஸ் மண்ணெண்ணெய் அடுப்பு, துருவப் பயணிகளோடும் இமய மலையேறிகளோடும் சென்று புகழ்பெற்றது. 1910இல் கல்கத்தாவில் உருவான இக்மிக் குக்கருக்கு அந்த வரலாற்றில் இடம் கிடைப்பது அரிது. வழியில் சமைப்பவர் யார், நெருப்பைக் கவனிப்பவர் யார், யாரோடு உண்பது என்ற கேள்விகளைப் பிரைமஸைவிடத் தெளிவாக எழுப்பும் கருவி அதுவே.

இதை வடிவமைத்த இந்துமாதவ் மல்லிக் (1869–1917) மருத்துவர். தத்துவமும் சட்டமும் பயின்றவர். தம் சீனப் பயணம் குறித்து வங்காள மொழியில் நூல் எழுதியவர். பூரி ஜகந்நாதர் கோயில் மடைப்பள்ளியில் மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சமைக்கும் முறையே அவருக்குத் தூண்டுகோலாக அமைந்தது என்பர். டிபன் கேரியர் போன்ற அடுக்குக் கிண்ணங்கள் ஓர் உருளைப் பாத்திரத்துக்குள் இறங்கும். உருளையின் அடியில் சிறிது நீர். அதற்குக் கீழே கரித்தணல். சோறு, பருப்பு, காய்கறி, இறைச்சி ஆகியவை தனித்தனிக் கிண்ணங்களில் ஒரே ஆவியில் வெந்துவிடும். கரி தானே எரிந்து தணியும். உணவு சூடாகவே இருக்கும். இதே வகைக் கலத்தை ருக்மணி குக்கர் என்ற பெயரில் தமிழ் வீடுகளும் அறிந்திருந்தன.

பிரைமஸ், தமிழர் ‘பம்ப் ஸ்டவ்’ என்றழைத்த வகையின் முன்னோடி. அதன் சிறப்பு விரைவு. அதற்கு ஈடாக அது மனிதரின் கவனத்தைக் கேட்கிறது. சூடேற்ற வேண்டும், காற்றடிக்க வேண்டும், அருகிலேயே நிற்க வேண்டும். இக்மிக் கேட்பது நேரத்தை மட்டுமே. கல்கத்தா மெஸ் வீடுகளில் தனித்து வாழ்ந்த எழுத்தர்களுக்கும் மாணவர்களுக்கும், ஊர் ஊராகச் செல்லும் பயணிகளுக்கும் இந்தப் பண்டமாற்று உகந்ததாக இருந்தது.

அக்காலப் பயணத்தில் உணவு, வசதியைப் பற்றிய சிக்கலாக மட்டும் இருக்கவில்லை. ரயில் நிலையங்களில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிச் சிற்றுண்டிச் சாலைகளும் தண்ணீர்ப் பானைகளும் இருந்தன. பிறர் கைச்சோறு உண்ணாதவர் சமையற்காரரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். இல்லையேல் அவலோ பழமோ உண்டு பசியாற வேண்டும். தானே சமைக்கும் கலம் இந்தச் சிக்கலுக்கும் ஒரு தீர்வு.

கருவியின் பெயரோ அதைப் பேசவில்லை. ‘ஹைஜீனிக்’, ‘எக்கனாமிக்’ என்ற இரு ஆங்கிலச் சொற்களின் ஈறுகளான ‘இக்’, ‘மிக்’ ஆகியவற்றின் சேர்க்கை அது என விளக்கப்படுகிறது. இத்தகைய கலப்புச் சொற்களில் முதற்சொல்லின் தொடக்கமும் இரண்டாம் சொல்லின் முடிவும் இணைவதே பெருவழக்கு; இங்கே இரு முடிவுகளும் இணைந்துள்ளன. பொருளளவில் அது முன்வைப்பவை சுகாதாரமும் சிக்கனமும். தமிழில் ‘சுத்தம்’ என்ற ஒரே சொல் அழுக்கின்மையையும் ஆசாரத்தையும் குறிப்பதை நினைவில் கொண்டால், ‘ஹைஜீனிக்’ என்ற சொல்லைக் கேட்டவர்களில் சிலர் இரண்டையும் சேர்த்தே புரிந்துகொண்டிருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு.

இதில் ஒரு முரண் உள்ளது. பூரியின் மகாபிரசாதம் சாதி வேற்றுமையின்றிப் பகிர்ந்து உண்ணப்படுவதற்குப் பெயர்பெற்றது. அம்மடைப்பள்ளியின் அடுக்கு வடிவம் கல்கத்தாவுக்கு வந்தது, பந்தி வரவில்லை. பலருக்குச் சமைத்த முறை, ஒருவர் தனித்து உண்ணும் கலமாகச் சுருங்கியது. எனினும் அதே கலம், சமைத்தறியாத ஆண்களைத் தம் உணவைத் தாமே ஆக்கிக்கொள்ளவும் வைத்தது.

இன்று கொல்கத்தாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் டார்ஜிலிங் மலைகளுக்குக் கூடாரத்தோடு செல்வோர் பெரும்பாலும் எரிபொருளையும் எடையையுமே ஒப்பிடுகின்றனர். அந்த ஒப்பீடு தேவையானதே. பியூட்டேனின் கொதிநிலை ஏறத்தாழ -0.5 டிகிரி செல்சியஸ் என்பதால், அதை மட்டுமே கொண்ட கேஸ் குப்பி உறைபனியில் செயலிழக்கும். அங்கே பெட்ரோல் அடுப்பு கைகொடுக்கும். 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்புவில் நீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதிப்பதால், அழுத்தமற்ற இக்மிக்கில் பருப்பு வேக நெடுநேரமாகும். சிறிய பிரஷர் குக்கரே அங்கு பொருத்தம். மூடிய கூடாரத்தில் கரித்தணல் வெளிவிடும் கார்பன் மோனாக்சைடு உயிரையே பறிக்கும்.

எனவே இக்மிக்கை மீண்டும் சுமந்து செல்லுமாறு வரலாறு சொல்லவில்லை. அடுப்பும் பாத்திரமும் ஒரே தெரிவின் இரு பகுதிகள் என்பதை அது காட்டுகிறது. 1951இல் அடுப்பையும் பாத்திரங்களையும் ஒரே தொகுதியாக்கிய ஸ்வீடனின் டிராங்கியாவும் இதே கருத்தை வேறு வழியில் வந்தடைந்தது. பயணச் சுமையில் ஒரு கிண்ணம் வைப்பதா, நான்கு கிண்ணங்கள் வைப்பதா என்பது எடையைப் பற்றிய கணக்கு. அந்த நான்கிலிருந்து யாருக்குப் பரிமாறுவது என்பது, அன்றைய கல்கத்தா தீர்க்காமல் விட்டுச்சென்ற கேள்வி.