குரல்நாண் அசைகிறதா? கண்ணாடியிலிருந்து வீடியோ வரை

நம்ம ஊர்ப் பக்கம் குரல் கம்மினால் அதற்கு ஒரே பெயர்தான்: "தொண்டை கட்டிக்கிச்சு." பனங்கற்கண்டு, மிளகுப் பால், நாலு நாள் பேசாம இருந்தா சரியாயிடும். பெரும்பாலும் சரியாகியும் விடும். சரியாகாமல் போகிற கொஞ்சப் பேருக்காகத்தான் குரல்வளைக்குள் எட்டிப் பார்க்கிற ஒரு நீண்ட முயற்சி நடந்திருக்கிறது. அது பற்றிப் படித்து வைத்த குறிப்புகளை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இருந்துகொண்டு இதை எழுதுவதற்கு ஒரு நியாயம் உண்டு. இது குரலை நம்பிப் பிழைக்கிற பகுதி. செஞ்சியைச் சுற்றி திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா வந்தால் கூத்து விடிய விடிய நடக்கும். மைக் வராத காலத்திலேயே கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற பாட்டிக்கும் கேட்கிற மாதிரி உச்சத்தில் பாடிய ஆட்கள் அவர்கள். பஸ் ஸ்டாண்டில் ஊர்ப் பெயரைக் கூவுகிறவர், பழம் விற்கிறவர், அறுபது பிள்ளைகளை அடக்குகிற வாத்தியார் எல்லாருக்கும் முதலீடு தொண்டைதான். தமிழ் சினிமாவில் வசனம் என்றாலே ஞாபகம் வருகிற சிவாஜி பிறந்ததும் விழுப்புரத்தில்தான். வி.சி. கணேசன் என்பதில் இருக்கிற 'வி' நம்ம ஊர்.

முதலில் காதிலிருந்து ஆரம்பிப்போம். குரல் எங்கே பிறக்கிறது என்று நம் இலக்கணக்காரர்கள் எப்போதோ யோசித்துவிட்டார்கள். தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இருக்கிறது. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்ற இடங்களில் நின்று, பல், உதடு, நாக்கு, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு சேர்ந்து எழுத்தாகிறது என்பது அதன் சாரம். நன்னூல் இன்னும் பிரித்துச் சொல்கிறது: உயிருக்கும் இடையினத்துக்கும் இடம் மிடறு, மெல்லினத்துக்கு மூக்கு, வல்லினத்துக்கு மார்பு. இன்றைய ஒலியியல் கண்ணால் பார்த்தால் இது ஆச்சரியம். 'அ' என்று சொல்லும்போது தொண்டையில் விரல் வைத்துப் பாருங்கள், அதிரும். சொல்லின் முதலில் வரும் 'ப', 'க' போன்ற வல்லின மெய்கள் அந்த அதிர்வில்லாமல் வெறும் மூச்சால் தொடங்குகின்றன. (மெல்லினத்துக்கும் தொண்டை அதிரும், அது வேறு கதை.) கருவி எதுவும் இல்லாமல் காதாலும் உடல் உணர்வாலும் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்.

ஆனால் காதுக்கு ஓர் எல்லை உண்டு. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா சுட்டதில் எம்.ஜி.ஆருக்குக் கழுத்தில் குண்டு பாய்ந்தது. பிழைத்துவிட்டார், ஆனால் குரல் மாறிவிட்டது. முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் அடுத்தடுத்துப் போட்டால் சின்னப் பிள்ளை கூட வித்தியாசம் சொல்லும். எந்த இடத்தில் என்ன ஆனது என்பதை மட்டும் கேட்டுச் சொல்ல முடியாது. குரல்நாண் அசையாமல் போனாலும் பேச்சு மாறும், நாக்கை அசைக்கிற நரம்பு கெட்டாலும் மாறும். என்ன ஆச்சுன்னு காது சொல்லும். எங்கே ஆச்சுன்னு சொல்லாது.

உள்ளே எட்டிப் பார்த்தவர்களில் பெயர் நிலைத்தவர் டாக்டர் இல்லை, ஒரு பாட்டு வாத்தியார். ஸ்பெயின்காரரான மானுவல் கார்சியா. 1854ல் பாரிசில் இருந்தபோது, வெயிலைக் கண்ணாடியால் திருப்பி உள்ளே அனுப்பினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. பல் டாக்டர்கள் வைத்திருக்கிற நீண்ட காம்புக் கண்ணாடி ஒன்றை ஆறு பிராங்குக்கு வாங்கினார். அதை வெந்நீரில் காட்டித் துடைத்துத் தன் தொண்டையின் பின்பக்கம் வைத்தார். கையில் இருந்த இன்னொரு கண்ணாடியால் சூரிய ஒளியை அதன் மேல் பாய்ச்சினார். அவருடைய சொந்தக் குரல்வளை திறந்து மூடுவது தெரிந்தது. அடுத்த வருடம், 1855ல், லண்டன் ராயல் சொசைட்டியில் அது கட்டுரையாக வந்தது.

வியன்னாவில் லுட்விக் டூர்க், பிறகு யோஹான் செர்மாக் ஆகிய இருவரும் 1857, 58ல் இதை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார்கள். யார் முதல் என்று இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. வெயில் இல்லாத நாளிலும் பார்க்க வேண்டுமே என்று செர்மாக் விளக்கு வெளிச்சத்தையும் குழிக்கண்ணாடியையும் பயன்படுத்தினார். பழைய தமிழ்ப் படங்களில் டாக்டர் என்றால் நெற்றியில் நடுவில் ஓட்டை போட்ட வட்டக் கண்ணாடி ஒன்று இருக்குமே, அது இந்த வம்சம்தான்.

இப்போது கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 1887 தொடக்கத்தில் ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் பிரெடெரிக்குக்குக் குரல் கம்மியது. சளி என்றுதான் நினைத்தார்கள். போகவில்லை. பேராசிரியர் கெர்ஹார்ட் கண்ணாடி வைத்துப் பார்த்தார். இடது குரல்நாணில் சின்னக் கட்டி. சூடான கம்பியால் சுட்டார்கள், மறுபடி வளர்ந்தது. கட்டியோடு கூட, அந்த நாணின் அசைவும் குறைந்திருப்பதை கெர்ஹார்ட் கவனித்தார். புற்றுநோய் என்று சந்தேகித்தார். ஜெர்மன் டாக்டர்கள் மே மாதத்தில் ஆபரேஷனுக்குத் தயாரானார்கள். அந்தச் சமயம் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட தொண்டை நிபுணர் மொரெல் மெக்கன்சி, முதலில் சதையைக் கிள்ளிச் சோதிக்கணும் என்றார். கிள்ளிய துண்டைப் பார்த்தவர் சாதாரண ஆள் இல்லை, ருடால்ஃப் ஃபிர்ஷோ. அந்தத் துண்டில் புற்றுநோய் இல்லை என்றார். ஆபரேஷன் நின்றது.

நவம்பரில் சந்தேகமே இல்லாமல் போனது. 1888 பிப்ரவரியில் மூச்சுக்காகக் கழுத்தில் துளை போட்டார்கள். மார்ச் 9ல் பேரரசர் ஆனார். பேச்சு வராது, எழுதிக் காட்டித்தான் ஆட்சி. 99 நாள் கழித்து ஜூன் 15ல் இறந்தார். மகன் இரண்டாம் வில்ஹெல்ம் பட்டத்துக்கு வந்தார். அதற்குப் பிறகு ஐரோப்பாவில் நடந்ததெல்லாம் தெரிந்ததே.

இந்தச் சம்பவத்தை எல்லாரும் 'டாக்டர்கள் சண்டை' என்று எழுதுகிறார்கள். எனக்கு வேறு ஒன்று தெரிகிறது. கிள்ளிய துண்டு பொய் சொல்லவில்லை, அந்த இடத்தில் நோய் இல்லை, அவ்வளவுதான். உண்மையைச் சொன்னது அசைவு. நோய் மேலே மட்டும் இருந்தால் நாண் வழக்கம்போல அசையும். உள்ளே இறங்கி ஊன்றிவிட்டால் அசைவு தடைபடும். குரல்நாணைப் பொறுத்தவரை, அது எப்படி இருக்கு என்பதோடு எப்படி அசையுது என்பதையும் கேட்டாக வேண்டும்.

அசைவில் இரண்டு வகை. ஒன்று, மூச்சு விடும்போது நாண்கள் விலகுவதும் பேசும்போது சேர்வதும். இது வெறும் கண்ணுக்குத் தெரியும். இதை நடத்துகிற நரம்பு கழுத்தோடு நிற்காமல், இடது பக்கம் நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து வரும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மேலே திரும்பி வருகிறது. அதனால் இடது நாண் அசையாமல் நின்றால் கோளாறு நெஞ்சில் கூட இருக்கலாம். தைராய்டு ஆபரேஷனில் டாக்டர்கள் பார்த்துப் பார்த்துக் கத்தி வைப்பதும் இந்த நரம்புக்குப் பயந்துதான். ரோமில் காலென் கத்துகிற பன்றியின் இந்த நரம்பை அறுத்து, சத்தம் நிற்பதைக் கூட்டத்துக்கு முன் காட்டியது இரண்டாம் நூற்றாண்டில்.

இன்னொன்று, சேர்ந்த பிறகு நடக்கிற அதிர்வு. ஆண் பேச்சில் விநாடிக்குச் சுமார் 100 முறைக்கு மேல், பெண் பேச்சில் சுமார் 200 முறை. கண்ணுக்கு இது மங்கலான பட்டை, அவ்வளவுதான். இதைப் பிடிக்க மியூனிக்கில் மாக்ஸ் ஓர்ட்டெல் 1878ல் ஒரு தந்திரம் செய்தார். நம் வீட்டிலேயே அதைப் பார்த்திருப்பீர்கள். பழைய சோக் வைத்த டியூப் லைட் விநாடிக்கு 100 முறை விட்டு விட்டு எரியும். அதன் கீழ் மின்விசிறியைப் பார்த்தால், ஒரு வேகத்தில் இறக்கைகள் மெதுவாகச் சுற்றுகிற மாதிரி, சில சமயம் பின்னால் போகிற மாதிரி தெரியும். அதேதான். நாண் விநாடிக்கு 200 முறை அதிர்ந்தால், வெளிச்சத்தை 198 முறை வெட்டி வெட்டி அடித்தால், விநாடிக்கு இரண்டு முறை மட்டும் அசைவது போலத் தோன்றும். ஓர்ட்டெல் ஓட்டை போட்ட தட்டைச் சுழற்றி இதைச் செய்தார். இன்று மைக் குரலின் சுருதியைப் பிடித்துக் கொடுக்க, விளக்கு அதற்கேற்ப மின்ன, வீடியோவில் பதிவாகிறது. இதுதான் ஸ்ட்ரோபோஸ்கோப்பி.

அதில் என்ன தேடுகிறார்கள்? 'நாண்' என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுகிறது. 1741ல் பிரெஞ்சுக்காரர் ஃபெரைன் வயலின் தந்தியை நினைத்து வைத்த பெயர் அது. உண்மையில் அது மடிப்பு. ஜப்பானின் மினோரு ஹிரானோ 1970களில் காட்டியபடி, உள்ளே தசை, மேலே தளர்ந்த மெல்லிய உறை. காய்ச்சின பால் மேல் ஆடை மிதப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். காற்று போகும்போது அந்த ஆடையில் ஓர் அலை ஓடும். அலை ஓடினால் ஆடை விடுபட்டு இருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் அலை நின்றால் அங்கே ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது: தழும்பாகவும் இருக்கலாம், உள்ளே இறங்கிய கட்டியாகவும் இருக்கலாம். அலை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று முடிவு சொல்ல முடியாது, சதைச் சோதனை வேண்டும். எங்கே கிள்ளணும், எவ்வளவு அவசரம் என்பதை அலை சொல்லும். பிரெடெரிக் கதையில் குறைந்தது அதுதான்.

இன்னொரு சிக்கல், வாயில் கருவி வைத்து நாக்கை இழுத்துப் பிடித்தால் "ஈ" என்பதைத் தவிர எதுவும் சொல்ல முடியாது. கூத்துக்காரர் பாடும்போது வருகிற கோளாறு "ஈ"யில் தெரியுமா? பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றை வழியாகப் படத்தை அனுப்ப முடியும் என்று 1954ல் காட்டினார். 1968ல் ஜப்பானின் சவாஷிமாவும் ஹிரோசேயும் அத்தகைய மெல்லிய குழாயை மூக்கு வழியாக விட்டு, ஆள் தாராளமாகப் பேசும்போதே குரல்வளையைப் பார்த்தார்கள்.

ஸ்ட்ரோபுக்கும் ஒரு குறை உண்டு. அது காட்டுகிற ஒவ்வோர் அசைவும் பல அதிர்வுகளிலிருந்து ஒட்டுப்போட்டது. அதிர்வு ஒரே சீராக இருந்தால்தான் ஒட்டு பொருந்தும். ரொம்பக் கரகரத்த குரலில் சுருதியே நிற்காது, விளக்குக்குத் தாளம் கிடைக்காது. அதாவது யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடமே தடுமாறும். அதற்காகத்தான் விநாடிக்கு ஆயிரக்கணக்கான படம் எடுக்கும் கேமரா வந்தது. ஷ்வெட்ஸும் ஸ்கூட்டேயும் 1990களில் ஒரே ஒரு கோட்டை மட்டும் விநாடிக்குச் சுமார் 8000 முறை படித்து அசைவை வரைபடமாக்கும் வழியையும் கண்டார்கள்.

இதெல்லாம் பெரிய ஊர் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். முதல் கேள்விக்கு, அதாவது இரண்டு நாணும் அசைகிறதா என்பதற்கு, கார்சியாவின் கண்ணாடியே பல பேருக்குப் போதும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, முண்டியம்பாக்கத்தில், 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்தப் பக்கம் புதுச்சேரி ஜிப்மர் இரண்டு ஊருக்கும் சுமார் நாற்பது கிலோமீட்டர். காது மூக்கு தொண்டைப் பிரிவில் சீட்டு போட்டால் முதல் பார்வை சில நிமிட வேலை.

குரல்நாணில் வரும் புற்றுநோய்க்கு மற்றதற்கு இல்லாத ஒரு நல்ல குணம் உண்டு: கட்டி கடுகளவு இருக்கும்போதே குரலைக் கெடுத்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த நிலையில் பார்த்தால் பெரும்பாலானவர்களைக் குணப்படுத்தலாம், பல பேருக்குக் குரலும் மிஞ்சும். அதைத் "தொண்டை கட்டு" என்று மாதக்கணக்கில் மிளகுப் பாலில் கரைத்துவிடுவதுதான் நஷ்டம். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் கம்மல் போகவில்லை என்றால், யாராவது ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தாக வேண்டும். டாக்டரிடம் "உள்ள என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி அசையுதா சார்?" என்றும் கேளுங்கள்.