கடல்நீரில் தொடங்கி மேப்பிள் தோப்பு வரை

நம் வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தைக் கழற்றினால், உள்ளே ஒரு அடி நீளத்தில் சுருட்டிய வெள்ளைக் குழல் ஒன்று இருக்கும். மெக்கானிக்குகள் அதை மெம்பரேன் என்பார்கள். அதே குழல்தான் அமெரிக்காவின் வெர்மான்ட் மலைகளில், பனி உருகும் மார்ச் மாதத்தில், மேப்பிள் மரச்சாற்றைச் சுண்டவைக்கும் வேலையில் பாதியைச் செய்துவிடுகிறது.

அது பிறந்தது கடல்நீருக்காக. 1950களின் இறுதியில் லாஸ் ஏஞ்சல்ஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் இருவரும் செல்லுலோஸ் அசிடேட்டில், உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் வேகமாக விடும் சவ்வை உருவாக்கினார்கள். 1965இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூர் அதைக்கொண்டு உவர்நீரைக் குடிநீராக்கியது. 1967லேயே அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் மேப்பிள் சாற்றை இதில் செலுத்திய முடிவுகளை வெளியிட்டுவிட்டார்கள்.

அவர்கள் அவசரப்பட்டதற்குக் காரணம் உண்டு. மேப்பிள் சாற்றில் சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான். ஒரு லிட்டர் பாகுக்கு நாற்பது லிட்டருக்கு மேல் சாறு வேண்டும். மீதியெல்லாம் ஆவியாகப் போக வேண்டிய தண்ணீர். எத்தனை விறகு! வட அமெரிக்கத் தொல்குடிகள் இதற்கு நெருப்பில்லாத வழி ஒன்று வைத்திருந்தார்கள். சாற்றை இரவுக் குளிரில் உறையவிட்டு, காலையில் மேலே கட்டிய பனிக்கட்டியை எடுத்து எறிவார்கள். சர்க்கரை பெரும்பாலும் அடியில் நிற்கும் சாற்றிலேயே தங்கிவிடும்.

மெம்பரேனும் சர்க்கரையைத் தடுத்துத் தண்ணீரை வெளியேற்றுகிறது. நம் வீட்டில் சவ்வைத் தாண்டி வரும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, தங்குவதைச் சாக்கடையில் விடுகிறோம். மேப்பிள் தோப்பில் தங்குவதுதான் செல்வம்.

பெரிய தோப்புகளுக்கு இந்த இயந்திரம் முன்பே வந்துவிட்டது. பின்னர் ஜான் கடாட் என்ற ஆய்வாளர் மினியாபொலிஸில் செய்த மெல்லிய பாலிஅமைடு சவ்வு குறைந்த அழுத்தத்திலேயே வேலை செய்ததால், சிறு குழல்கள் வீடுகளுக்கு வந்தன. அவற்றை நான்கைந்தாகப் பலகையில் பொருத்தி, ஒரு பூஸ்டர் பம்ப், முன்னால் 5 மைக்ரான் ஃபில்டர், கடைசியில் ஒரு ஊசி வால்வு சேர்த்தால், கொல்லையில் இருபது முப்பது மரம் வைத்திருப்பவருக்குப் போதும்.

வாங்கும்போது பலரும் எத்தனை சதவீதம் வரை செறிவாக்கும் என்றுதான் கேட்கிறார்கள். அது தவறான கேள்வி. நூறு லிட்டர் சாறு 2 சதவீதத்திலிருந்து 4 ஆனால் ஐம்பது லிட்டர் தண்ணீர் போய்விடும். 4, 8 ஆனால் இன்னும் இருபத்தைந்துதான் போகும். ஆனால் சர்க்கரை ஏற ஏற எதிர் அழுத்தமும் ஏறும். 8 சதவீதச் சாறே ஏறக்குறைய 6 பார் அழுத்தத்தில் எதிர்த்துத் தள்ளும். சிறு பம்ப் தருவதோ சுமார் 7 பார்தான். அங்கே ஓட்டம் சொட்டுச் சொட்டாகிவிடும்.

கேட்க வேண்டியது, குளிர்ந்த சாற்றில் மணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீரை எடுக்கும் என்பது. பெட்டியில் எழுதியிருக்கும் அளவு 25 டிகிரி வெப்பநிலைக்கானது. மேப்பிள் சாறு வருவது 4, 5 டிகிரியில். அதில் பாதி கிடைத்தாலே பெரிது.

இன்னொன்று, கழுவுவது. சாறு முடிந்ததும், சவ்வைத் தாண்டி வந்த தூய தண்ணீராலேயே அலச வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் பாலிஅமைடைத் தின்றுவிடும். இரவில் உறையவிட்டால் சவ்வு கிழியும். செறிந்த சாறு பச்சைச் சாற்றைவிடச் சீக்கிரம் கெடும், ஆகவே அன்றே காய்ச்ச வேண்டும்.

சிறு தோப்புக்காரர் 4, 5 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு, மிச்சப் பணத்தில் இன்னொரு மெம்பரேனை வாங்கிப் பொருத்துவதே நல்லது. பாதி விறகு அதிலேயே மிச்சம்.