திரைவானில் பறந்தவர்கள்

உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்றில், நல்வினை செய்தோர் விண்ணுலகுக்கு ஏறிச் செல்லும் ஊர்தி பேசப்படுகிறது. அவ்வூர்தியைச் செலுத்துவோன் எவனும் இல்லை. அது தானே செல்லும். ஊர்தி செலுத்துவோனுக்கு ‘வலவன்’ என்னும் அழகிய பெயர் அப்பாட்டிலே வழங்குகிறது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருக்கும் எனக்கு, ஆங்கிலக் கோப்பிலே ‘பைலட்’ என்ற சொல் எதிர்ப்படும்போதெல்லாம் இச்சொல் நினைவில் எழும். ஆயினும், ‘விமானி’ என்று எழுதிவிட்டு மேலே செல்வேன். ‘வலவன்’ என்று எழுதினால், அக்கோப்பு விளக்கம் கேட்டுத் திரும்பி வந்துவிடும்!

திரைப்படத்தில் விமானக் காட்சிகளைக் காணுங்கால், புலவர் கற்பனை செய்த அவ்வூர்தியையே நாம் காண்கிறோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. விமானம் மேகத்தைக் கிழித்துச் செல்கிறது, தலைகீழாகப் புரள்கிறது, அரங்கில் கைதட்டல் எழுகிறது. அதைச் செலுத்தியவர் யார் என்று நாம் கேட்பதில்லை. நடிகருடைய முகம் நம் மனத்தில் தங்குகிறது. வலவனுடைய பெயர் தங்குவதில்லை. பெங்களூரில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இக்கேள்வி சற்று அண்மையானது. 1940-ஆம் ஆண்டு டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு இந்நகரில் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கிய நாள் முதலாக, நம்மவர் பலர் அதனை நம்பிப் பிழைத்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் விமான ஒலியைக் கேட்டே வளர்ந்தவர்கள்.

முதலில் அயல்நாட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1927-ஆம் ஆண்டில் ‘விங்ஸ்’ என்ற ஊமைப்படம் அமெரிக்காவில் வெளிவந்தது. ஆஸ்கார் என நாம் அழைக்கும் விருதுகள் வழங்கத் தொடங்கியபோது சிறந்த படத்துக்கான முதல் விருதைப் பெற்றது அதுவே. அதன் இயக்குநர் வில்லியம் வெல்மன், முதல் உலகப் போரில் பிரெஞ்சு நாட்டின் சார்பில் விமானம் ஓட்டியவர். டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் படப்பிடிப்பு நடந்தபோது, வானம் தெளிவாக இருந்த நாள்களில் அவர் வான்சண்டைகளைப் படமெடுக்க மறுத்து, மேகம் வரட்டும் என்று காத்திருந்தாராம். செலவு ஏறியது, முதலாளிகள் சினந்தனர். அவர் கூறிய காரணம் நியாயமானது. வெறும் வானத்தில் பறக்கும் விமானத்தின் வேகம் கண்ணுக்குப் புலப்படாது. பின்னால் மேகம் இருந்தால்தான் அதன் ஓட்டமும் உயரமும் தெரியும். இதனை ஒரு விமானியே அறிவான். நடிகர்கள் தாமே விமானத்தில் ஏறி, தம் முகத்துக்கு எதிரே பொருத்திய காமிராவைத் தாமே இயக்கி நடித்தனர். விமானத்தை வேண்டுமென்றே தரையில் மோதிக் காட்டும் தொழிலுக்கு டிக் கிரேஸ் என்பவர் அமர்த்தப்பட்டார். அவருடைய கழுத்தெலும்பு முறிந்தது.

உயிரையே கொடுத்தவர்களும் உண்டு. திரைப்பட விமானிகளில் பெரும்பெயர் பெற்ற பால் மேன்ட்ஸ், ‘தி ஃபிளைட் ஆஃப் தி ஃபீனிக்ஸ்’ என்னும் படத்துக்காகப் பறந்துகொண்டிருந்தபோது 1965-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் விபத்தில் இறந்தார். ‘டாப் கன்’ படத்துக்காகக் கடலின் மேல் பறந்த ஆர்ட் ஷோல், 1985-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் விமானத்தோடு கடலில் மறைந்தார். இவ்விரு படங்களும் அவ்விமானிகளின் பெயரைத் திரையிலே பொறித்து அவர்களுக்குக் காணிக்கையாக்கப்பட்டன. படம் முடிந்து மக்கள் எழுந்து செல்லும் வேளையில் ஓரிரு நொடி தோன்றும் எழுத்துகள்தாம் அவை. எனினும் பெயர் அங்கே நிற்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2017-ஆம் ஆண்டில் மணிரத்னம் இயக்கிய ‘காற்று வெளியிடை’ படத்தில், கார்கில் போரின்போது பாகிஸ்தானில் சிறைப்பட்ட விமானி ஒருவன் ராவல்பிண்டியிலிருந்து தப்பி வருகிறான். 1971-ஆம் ஆண்டுப் போரில் சிறைப்பட்ட பருல்கர், கிரேவால், ஹரிஷ் சிங்ஜி என்னும் மூன்று விமானப்படை அதிகாரிகள் 1972-ஆம் ஆண்டு ராவல்பிண்டி முகாமின் சுவரைத் துளைத்து வெளியேறிய செய்தியை அது நினைவூட்டுகிறது. படத்தின் விமானி எல்லையைக் கடந்துவிட்டான். உண்மையான மூவரோ ஆப்கானிஸ்தான் எல்லைக்குச் சில கல் தொலைவில் பிடிபட்டனர். கதாநாயகன் பிடிபட்டால் நம் அரங்குகள் பொறுக்குமா? ஆகவே அந்த மாறுதலைக் குறைகூற நான் துணியேன்.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது, நமக்கு அண்டையிலுள்ள குடகு நாட்டில் பிறந்த அஜ்ஜமாட போபய்ய தேவய்யா என்பவரைப் பற்றி. 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த ‘ஸ்கை ஃபோர்ஸ்’ என்ற இந்திப் படத்தை, விமானத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவருடன் சென்று பார்த்தேன். வேலூர்ப் பக்கத்தவர்; என்னிலும் முப்பது வயது மூத்தவர். திரையில் மிஸ்டேர் விமானங்கள் சீறிப் பாய்ந்தபோது அவர் என் பக்கம் சாய்ந்து, “தம்பி, இதெல்லாம் கம்ப்யூட்டர் வேலை. மிஸ்டேரை நம் விமானப்படை எப்போதோ கைவிட்டுவிட்டது” என்றார். படத்தில் அவ்விமானியின் பெயர் விஜயா என்று வந்தது. வெளியே வரும்போது பெரியவர், “பெயரை ஏன் மாற்றினார்கள்? தேவய்யா என்றே வைத்தால் என்ன?” என்று மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டே வந்தார். அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. நிகழ்ந்ததை மட்டும் இங்கே கூறுகிறேன்.

1965-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் விடியற்காலையில், பஞ்சாபிலுள்ள ஆதம்பூர் தளத்திலிருந்து, விங் கமாண்டர் தனேஜா தலைமையில் இந்திய விமானப்படையின் முதலாம் அணி, பாகிஸ்தானின் வலிமை மிகுந்த விமானத்தளமாகிய சர்கோதாவைத் தாக்கப் புறப்பட்டது. செல்லவேண்டிய விமானங்கள் பன்னிரண்டு. அவற்றுள் ஏதேனும் பழுதுற்றால் அதன் இடத்தை நிரப்புவதற்காக நிறுத்திவைக்கப்பட்டவர் தேவய்யா. அவரும் புறப்பட்டுவிட்டார். இருள் முற்றும் விலகாத அவ்வேளையில் தாக்கிவிட்டுத் திரும்பும் வழியில், ஸ்டார்ஃபைட்டர் என்னும் அமெரிக்க விமானம் ஒன்று அவரை எதிர்கொண்டது. ஸ்டார்ஃபைட்டர் ஒலியைப்போல் இருமடங்கு விரைவில் செல்லவல்லது. மிஸ்டேரோ நேராகப் பறக்கையில் ஒலியின் விரைவை எட்டாதது. மேலும், அத்தனை தொலைவு சென்று திரும்பவேண்டிய மிஸ்டேரில் எரிபொருள் கணக்காகவே இருந்தது. சண்டையில் நின்றால் வீடு திரும்ப எண்ணெய் போதாது. தேவய்யா நின்றார். அடிபட்ட விமானத்தைக் கொண்டே சுழன்று எதிர்த்து, தம்மைத் துரத்தியவனைச் சுட்டு வீழ்த்தினார். ஸ்டார்ஃபைட்டரின் விமானி அம்ஜத் ஹுசைன் குடையின் துணையால் உயிர் பிழைத்தார். தேவய்யா திரும்பவில்லை.

அச்சண்டையைக் கண்ட இந்தியர் எவரும் இல்லை. ஆதலால் ‘காணாமற்போனவர்’ என்ற குறிப்புடன் அவருடைய கோப்பு நின்றுவிட்டது. பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. பாகிஸ்தான் விமானப்படையின் ஆதரவோடு அப்போரின் வரலாற்றை எழுதிய ஜான் ஃபிரிக்கர் என்ற ஆங்கிலேயர், 1979-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், தங்கள் ஸ்டார்ஃபைட்டர் ஒன்றை மிஸ்டேர் விமானம் வீழ்த்திய செய்தியை எழுதிவிட்டார். எதிரியின் ஏட்டிலிருந்து வந்த சாட்சி அது! அன்று அவ்வழியில் திரும்பாத மிஸ்டேர் ஒன்றே. அதில் இருந்தவரும் ஒருவரே. தலைவர் தனேஜா இதனை அரசுக்கு எடுத்துரைத்தார். 1988-ஆம் ஆண்டில், இறந்து 23 ஆண்டுகளுக்குப் பின், தேவய்யாவுக்கு மகாவீர் சக்கரம் அறிவிக்கப்பட்டது. அவருடைய துணைவியார் அதனைப் பெற்றுக்கொண்டார். தேவய்யாவின் உடலைப் பாகிஸ்தானத்துச் சிற்றூர் மக்கள் வயலிலே அடக்கம் செய்தனர் என்பதும் பின்னர் தெரியவந்தது.

கோப்புகளோடு வாழும் என்னை இவ்வரலாற்றில் உறுத்துவது சண்டையைக் காட்டிலும் அந்த 23 ஆண்டுகளே. ‘காணாமற்போனவர்’ என்று எழுதிய எழுத்தர் பிழை செய்யவில்லை. தம் முன் இருந்ததை எழுதினார். அவர் மனைவி அச்சொல்லை வைத்துக்கொண்டு அத்தனை ஆண்டுகள் வாழவேண்டியிருந்தது. ‘ஸ்கை ஃபோர்ஸ்’ படத்தின் பிற்பகுதி இத்தேடலையே சொல்கிறது. விமானக் காட்சிகளை விட அப்பகுதியே எனக்குப் பிடித்தது. எனினும் கைதட்டல் முற்பகுதிக்குத்தான் கிடைத்தது.

பெங்களூரின் வான்கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்த படம் ‘சூரரைப் போற்று’. 2020-ஆம் ஆண்டு நவம்பரில், நோய்த்தொற்றுக் காலமாதலின் அரங்குக்கு வராமல் இணையவழியே வெளிவந்து, தேசிய விருதுகளில் சிறந்த படம் என்ற சிறப்பையும் பெற்றது. தந்தை இறக்கும் தறுவாயில் இருக்க, விமானச் சீட்டுக்குப் பணம் போதாமல் நிலையத்தில் கண்டவரிடமெல்லாம் கையேந்தும் காட்சியைக் கண்டு கலங்காத வெளியூர்த் தமிழர் இருக்கமாட்டார். ஊரிலிருந்து வரும் செய்திக்கு அஞ்சி வாழ்வது நம் அனைவர்க்கும் பொதுவல்லவா? அக்கதை ‘ஏர் டெக்கான்’ நிறுவனத்தைத் தோற்றுவித்த கேப்டன் கோபிநாத் அவர்களின் தன்வரலாற்றைத் தழுவியது. அவர் ஹாசன் மாவட்டத்துக் கொரூரைச் சேர்ந்த கன்னடர். படத்தின் நாயகனோ மதுரைப் பக்கத்துச் சோழவந்தான்காரன். இன்னொரு மாறுதலையும் கவனிக்கவேண்டும். கோபிநாத்தின் பெயருக்கு முன்னுள்ள ‘கேப்டன்’ என்பது தரைப்படைப் பதவி. அவர் விமானி அல்லர். 1990-களில் அவரோடு சேர்ந்து ஹெலிகாப்டர் நிறுவனத்தைத் தொடங்கிய கேப்டன் சாமுவேல், கேப்டன் விஷ்ணு ராவல் ஆகியோரே பறந்தவர்கள். படம் நாயகனையே விமானப்படைக்காரனாக்கிவிட்டது. 2003-ஆம் ஆண்டில், இன்று பழைய விமான நிலையம் என்று நாம் சொல்லும் எச்.ஏ.எல். நிலையத்திலிருந்து ஹூப்ளிக்கு இரட்டை விசிறி பொருத்திய சிறு விமானம் முறையாகச் செல்லத் தொடங்கிய வரலாற்றில், அவ்விருவருடைய பெயரும் சேர்த்துச் சொல்லத்தக்கது.

அப்பழைய நிலையத்தையும் பழைய மதராஸ் சாலையையும் இணைக்கும் சாலைக்குச் சுரஞ்சன் தாஸ் சாலை என்று பெயர். நாள்தோறும் அவ்வழியே பேருந்தில் செல்லும் நம்மவர் பலர், தாஸ் யாரோ வங்கத்துத் தலைவர் என்று எண்ணியிருப்பர். நானும் அவ்வாறே நெடுநாள் எண்ணினேன். ஜெர்மானிய வல்லுநர் குர்ட் டாங்க் 1956-ஆம் ஆண்டு பெங்களூர் வந்து வடிவமைத்த ‘மாருத்’ என்னும் போர் விமானத்தை, 1961-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் முதன்முதலாக வானில் ஏற்றிய சோதனை விமானி அவர். அதற்கு முன் நிகழ்ந்தது அதனினும் வியப்பானது. அவ்விமானத்தின் முழு அளவில், இயந்திரமில்லாத மர மிதவை விமானம் ஒன்றைச் செய்து, அதனை டகோட்டா விமானத்தின் பின்னே கயிற்றில் கட்டி இழுத்து மேலேற்றி அவிழ்த்துவிடுவார்கள். அவிழ்த்தபின் மேலே இருப்பது மரக்கூடும் தாசும் மட்டுமே. 1959-ஆம் ஆண்டு முதல் இத்தகைய சோதனைகள் எழுபதுக்கும் மேல் நடந்தன. மாருத்தின் உடலமைப்பு ஒலியை மிஞ்சும் விரைவுக்கென வரையப்பட்டது; அதற்கேற்ற இயந்திரம் கிடைக்காமற் போயிற்று. சூட்டு வாயுவில் மீண்டும் எரிபொருளைச் செலுத்தி எரித்து விசையைக் கூட்டும் அமைப்பு ஒன்றை இங்கேயே பொருத்திச் சோதித்தனர். அவ்வாறு பொருத்திய மாருத்தில் 1970-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் தரையை விட்டு எழும்போது நேர்ந்த விபத்தில் தாஸ் உயிரிழந்தார்.

கயிறு அவிழ்ந்தபின் ஓசையின்றி மிதந்து வரும் அந்த மர விமானத்தை நான் பார்த்த எந்தப் படமும் காட்டியதில்லை; மாருத் விமானத்தை மட்டும் பழைய விமான நிலையச் சாலையிலுள்ள எச்.ஏ.எல். காட்சிக்கூடத்தில் அருகே நின்று பார்க்கலாம்.